தாடைக்குள் ஓடும் நரம்பு

கடைவாய்ப் பற்களை இறுகக் கடித்துக்கொண்டு கன்னத்தின் பின்பகுதியில் கை வைத்துப் பாருங்கள். ஒரு தசை திரண்டு புடைக்கும். மெல்லுவதற்கான தசை அது, மசிட்டர் என்று பெயர். அந்தத் தசையின் முன்விளிம்பு முடிகிற இடத்தில், தாடை எலும்பின் கீழ்விளிம்பை ஒட்டி விரல்நுனியை லேசாக வைத்தால் ஒரு துடிப்பு தெரியும். கழுத்திலிருந்து முகத்துக்கு ஏறும் தமனி அங்கேதான் எலும்பைத் தாண்டிப் போகிறது. இன்னும் பின்னால், காதுமடலுக்குக் கீழே வந்தால் எலும்பு மேல்நோக்கித் திரும்பும் மூலை.

அந்த மூலையைத்தான் தென்கொரியாவில் ரம்பத்தால் அறுத்து எடுக்கிறார்கள். முகத்தின் கீழ்ப்பாதி அகலமாக இல்லாமல் மோவாயை நோக்கிக் குவிந்து இறங்க வேண்டும் என்பதற்காக. வி-லைன் அறுவை சிகிச்சை என்று விளம்பரப் பலகைகளில் இருக்கும்.

ஆராய்ச்சி வேலைக்காக சியோலுக்கு வந்த பிறகு இதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கங்னம் பகுதியில் அப்குஜொங், சின்சா ரயில் நிலையங்களைச் சுற்றி நடந்தால் ஒரே கட்டடத்தில் மாடிக்கு மாடி அழகு சிகிச்சை கிளினிக். என்னோடு ஆய்வகத்தில் வேலை பார்த்த தோழி ஒருத்தி அந்த மாடிகளில் ஒன்றுக்குப் போனாள். கூட இருந்து கவனித்துக்கொண்டது நான். அதனால் இதைப் பற்றிப் பேசும்போது "என்ன பைத்தியக்காரத்தனம்" என்று ஊரில் சிலர் சொல்வதும் சரி, "அவரவர் முகம், அவரவர் இஷ்டம்" என்று சிலர் முடித்துக்கொள்வதும் சரி, எனக்குப் போதவில்லை. அறுக்கலாமா கூடாதா என்பதை அந்தப் பெண் முடிவு செய்யட்டும். ஆனால் இது எலும்பை அறுக்கும் பெரிய அறுவை சிகிச்சை. அதைச் சின்ன வேலை மாதிரி விற்கிறார்கள். என் கோபமெல்லாம் அந்த விற்பனை மேல்தான்.

கொரியர்கள் எப்போதுமே ஒடுங்கிய முகத்தை விரும்பியவர்கள் இல்லை. சோசன் அரச வம்சம் கொரியாவை ஆண்ட காலத்து ஓவியர் சின் யுன்-போக் வரைந்த அழகியின் படம் சியோலில் கன்சொங் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. உருண்டை முகம், நிறைந்த கன்னம், சின்ன உதடு. பழைய முகக்குறி சாஸ்திரத்தில் தாடையும் மோவாயும் வாழ்க்கையின் கடைசிக் காலத்தைக் குறிக்கும். தாடை நிறைவாக இருந்தால் வயதான காலத்தில் குறை இருக்காது என்பார்கள். என் தோழியின் பாட்டி இதைச் சொல்லித்தான் தடுத்துப் பார்த்தார். "கடைசிக் கால அதிர்ஷ்டத்தைக் காசு கொடுத்து வெட்டிக்கப் போறியா" என்று கேட்டாராம்.

அவளுக்கோ கடைசிக் காலத்தைவிட வேலைக்கு விண்ணப்பிக்கிற காலம்தான் முக்கியமாக இருந்தது. இந்த நாட்டில் விண்ணப்பத்தில் புகைப்படம் ஒட்டுவது வெகுநாள் வழக்கம். அரசு நிறுவனங்களில் 2017ல் புகைப்படம், படித்த கல்லூரி எதுவும் கேட்காத தேர்வு முறையைக் கொண்டுவந்தார்கள். தனியார் நிறுவனங்களில் படம் கேட்பது போய்விடவில்லை. பள்ளியில் அவளுக்கு 'நேமோ' என்று பட்டப்பெயர், அதாவது சதுரம். கூப்பிட்டவர்கள் மறந்திருப்பார்கள். அவள் எந்தப் படத்திலும் முடியை முன்னால் இழுத்து இரண்டு பக்கமும் மறைத்துக்கொண்டுதான் நிற்பாள். இதைப் பார்த்த பிறகு அவளை "உனக்கு அறிவில்லையா" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தாடையைக் குறைக்கிற அறுவை ஒன்றும் கொரியாவில் பிறந்ததில்லை. 1880ல் லண்டனில் லெக் என்ற மருத்துவர் இரண்டு பக்கமும் மசிட்டர் தசை பெருத்த ஒரு சிறுமியைப் பற்றி எழுதினார். 1947ல் கர்னி அந்தத் தசையை வெட்டிக் குறைக்கும் முறையை எழுதினார். 1949ல் ஆடம்ஸ் வெளியிலிருந்து தோலைக் கீறி எலும்பையும் சேர்த்து எடுத்தார். 1951ல் கான்வெர்ஸ் வாய்க்குள்ளிருந்தே செய்யலாம் என்று காட்டினார். முகத்தில் தழும்பே விழாது என்பதால் அதற்குப் பிறகு வழி அதுதான் என்று ஆனது. அவர்கள் பார்த்ததெல்லாம் தசை அளவுக்கு மீறிப் பெருத்த நோயாளிகளை. 1989ல் கொரிய மருத்துவர் பெக் சே-மின் தன் குழுவோடு 42 பேருக்குத் தாடை மூலையைக் குறைத்த அனுபவத்தை அமெரிக்க ஒட்டறுவை இதழில் வெளியிட்டார். அங்கே பேச்சு தசையை விட்டு எலும்பின் மூலைக்கே வந்துவிட்டது. நோய் எதுவும் இல்லாத, நன்றாக மெல்லுகிற தாடை அறுவை மேசைக்கு வந்தது.

சரி, முகம் அகலமாகத் தெரிவதற்கு எலும்பு ஒன்றுதான் காரணமா? இல்லை. எலும்பு, தசை, கொழுப்பு மூன்றுமே இருக்கும். சிலருக்குக் காதுக்குக் கீழே இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியும் பெரிதாக இருக்கும். பற்களை நறநறவென்று கடிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு மசிட்டர் தடிக்கும். அவர்களுக்கு போட்டாக்ஸ் ஊசியே போதும். தசைக்குள் போட்டால் அது சில வாரத்தில் மெலியும், சில மாதத்தில் மறுபடி பழையபடி வரும். 1994ல் இருந்து இதைப் பற்றிய மருத்துவக் கட்டுரைகள் உண்டு. என் தோழி முதலில் போட்டுக்கொண்டதும் அதுதான். "காய்ந்த கணவாயை மெல்லாதே" என்று அப்போதே சொல்லி அனுப்பினார்கள். இங்கே பீருக்குத் தொட்டுக்கொள்ள வாட்டிய கணவாய்தான், தாடைக்கு அதைவிடப் பெரிய உடற்பயிற்சி கிடையாது.

இதில் எலும்பைப் பற்றி விளம்பரங்கள் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. காதுக்குக் கீழே இருக்கும் மூலையை அறுத்தால் முகம் மாறித் தெரிவது பெரும்பாலும் பக்கவாட்டில் பார்க்கும்போதுதான். நேராகப் பார்க்கும்போது அகலம் குறைய வேண்டுமென்றால், எலும்பின் வெளிப்பக்கத் தகட்டைச் சீவ வேண்டும், மோவாயையும் ஒடுக்க வேண்டும். மோவாயை ஒடுக்குவது என்றால் குறுக்கே அறுத்து, நடுவில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, இரண்டு பக்கத்தையும் ஒன்றாக நெருக்கி டைட்டானியம் தகடும் திருகும் போட்டு இணைப்பது. ஆக, வி-லைன் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு மூன்று அறுவைகள் சேர்ந்திருக்கின்றன. ஆலோசனைக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது புரியும்படி சொல்லப்படுகிறது?

எல்லாவற்றையும் வாய்க்குள்ளிருந்து செய்கிறார்கள். ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே கீறி, எலும்பை மூடியிருக்கும் சவ்வை உரித்து, தசையை ஒதுக்கி, அதிர்ந்து அறுக்கும் சின்ன ரம்பத்தை உள்ளே விடுகிறார்கள். மூலைக்குப் பின்பக்கத்தை மருத்துவர் முழுசாகப் பார்க்க முடியாது. கண்ணாடியும் கை அனுபவமும் வழிகாட்ட வேண்டும். அந்த இடத்தில்தான் நீங்கள் தொட்டுப் பார்த்த தமனி, எலும்புக்குப் பின்னால் ஒரு பெரிய சிரை, எலும்புக்கு உள்ளேயே இன்னொரு தமனி. அதன் கூடவே ஒரு நரம்பு.

இந்த நரம்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கீழ்த்தாடையின் உள்பக்கத்தில் ஒரு துளை இருக்கிறது. அதன் வழியாக நுழைந்து, கடைவாய்ப் பற்களின் வேருக்குக் கீழே எலும்புக்குள்ளேயே ஒரு குழாயில் ஓடி, முன்கடைவாய்ப் பற்களின் கீழே இன்னொரு துளை வழியாக வெளியே வந்து, கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு கொடுக்கிறது. கீழ்க் கடைவாய்ப் பல் பிடுங்கும்போது ஊசி போட்டதும் கீழுதடு மரத்துப்போகிறதே, அது இந்த நரம்பு மரத்துப்போவதுதான். வெளியே வருவதற்கு முன் சற்றுக் கீழே இறங்கி வளைந்து ஏறுவது இதன் சுபாவம். அதனால்தான் மோவாயை அறுக்கும்போது துளைக்குக் கீழே 5 மில்லிமீட்டராவது விட்டு அறுக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. எலும்பின் கீழ்விளிம்பிலிருந்து இந்தக் குழாய் எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு, ஒரே ஆளுக்கு இடமும் வலமும்கூட வேறு. சிலருக்கு எவ்வளவு ஆசைப்பட்டாலும் அதிகம் வெட்ட இடமே கிடையாது. சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அறுவை முடிந்து என் தோழி வந்தபோது தலையைச் சுற்றித் துணிப்பட்டை, வாயின் இரு ஓரத்திலும் இரத்தம் வடிய மெல்லிய குழாய், அதன் முனையில் கையளவு பை. பேச முடியாது. கைப்பேசியில் தட்டிக் காட்டுவாள். சாய்ந்த நிலையிலேயே தூங்க வேண்டும், படுத்தால் வீக்கம் ஏறும். சாப்பாடு கஞ்சிதான், அதுவும் பூசணிக் கஞ்சி. வீக்கத்துக்குப் பூசணி நல்லது என்று இங்கே பிரசவித்த பெண்களுக்கும் கொடுப்பார்கள், அறுவை செய்தவர்களுக்கும் கொடுப்பார்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து வாயோரத்தில் விட்டேன். விழுங்கினாள், பாதி மோவாய் வழியாக வழிந்தது. அவளுக்கு வழிவதே தெரியவில்லை. நான் துடைக்கக் கையைக் கொண்டுபோனதும்தான் என்ன என்பதுபோலப் பார்த்தாள்.

வீக்கம் வடிந்து, மறுபடி வேலைக்கு வந்த பிறகும் அதே நிலைதான். ஆய்வகச் சாப்பாட்டு அறையில் உதட்டில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கும், அவளுக்குத் தெரியாது. சாப்பிட்டு முடித்ததும் கைப்பேசிக் கேமராவைத் திருப்பி வாயைப் பார்த்துக்கொள்வதை வழக்கமாக்கிக்கொண்டாள். சில மாதங்கள் கழித்து ஒருநாள், "அக்கா, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்று மோவாயைத் தடவிக்கொண்டே சொன்னாள். நரம்பு திரும்ப உயிர்பெறும்போது அப்படித்தான் இருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷம், முகம் மெலிந்ததைக் கண்ணாடியில் பார்த்த நாளில்கூட இல்லை. இப்போது பெரும்பாலும் உணர்வு வந்துவிட்டது. மோவாயின் இடப்பக்கம் 100 வோன் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் இன்னும் மரத்தே இருக்கிறது.

அவள் வருத்தப்படவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் அவளுக்கு நான் நியாயம் செய்ததாகாது. முடியைப் பின்னால் கட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறாள். அந்த நிம்மதி உண்மையானது. இதே அறுவையை வேறொரு காரணத்துக்காக நாடுகிறவர்களும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் ஔஸ்டர்ஹௌட் என்ற முக எலும்பு மருத்துவர், திருநங்கைகளுக்காக நெற்றியையும் தாடையையும் செதுக்கும் முறைகளை வகுத்தார். தெருவில் நடக்கும்போது யாரும் திரும்பிப் பார்த்துக் கேலி செய்யக் கூடாது என்பதற்காகத் தாடையைக் குறைத்துக்கொள்கிற ஒருவரிடம் போய் "இயற்கையாக இருங்கள்" என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

ஆனால் எல்லோருக்கும் அவளைப் போல அமைவதில்லை. எலும்பைக் குறைத்தால் அதன்மேல் இருந்த சதையும் தோலும் தானாகக் குறைந்துவிடாது. இளவயதில் ஓரளவு சுருங்கி ஒட்டிக்கொள்ளும். வயது கூடக்கூடக் கன்னம் கீழே தொங்கும், அதைத் தூக்கிக் கட்ட இன்னோர் அறுவை. அளவுக்கு மீறி வெட்டிவிட்டால் காதுக்குக் கீழே மூலையே இல்லாமல், காதிலிருந்து மோவாய்க்கு ஒரே சரிவாகிவிடும். சாதாரணமாக அந்த மூலை 120 டிகிரியை ஒட்டி இருக்கும். மழுங்கிப்போன அந்தத் தாடையைக் கொரியர்கள் 'நாய்த் தாடை' என்கிறார்கள். எடுத்த எலும்பு திரும்ப வளராது. செயற்கைப் பொருள் வைத்து மூலையை மறுபடி உண்டாக்கவும் இங்கே கிளினிக்குகள் உண்டு. முதலில் வெட்டக் காசு, பிறகு வைக்கக் காசு.

எடுத்த எலும்பு என்ன ஆகிறது என்று ஒருகாலத்தில் ஊருக்கே தெரிந்தது. 2014 ஜனவரியில் கங்னமில் ஒரு கிளினிக், நோயாளிகளின் தாடையிலிருந்து அறுத்த எலும்புத் துண்டுகளை ஆயிரக்கணக்கில் கண்ணாடிக் கூண்டில் கோபுரமாக அடுக்கி வரவேற்பறையில் வைத்திருந்தது. எங்களுக்கு எவ்வளவு அனுபவம் பாருங்கள் என்று காட்டத்தான். படம் வெளியில் வந்து பரவியதும் கங்னம் வட்டார அலுவலகம் 30 லட்சம் வோன் அபராதம் போட்டது. காரணம் என்ன தெரியுமா? மனித உடலின் பாகம் மருத்துவக் கழிவு, அதை முறைப்படி அழித்திருக்க வேண்டும். அவ்வளவுதான். மனிதர்களின் எலும்பை விளம்பரப் பொருளாக்கியது தனிக் குற்றமாக யாருக்கும் படவில்லை. அந்தப் படத்தை நான் முதன்முதலில் பார்த்தபோது வயிறு புரட்டியது. வளைந்த ஒவ்வொரு துண்டும் ஒருவர் மென்று தின்ற, பேசிய தாடை.

அதே ஆண்டுகளில் நடந்த சாவுகளையும் பேசியாக வேண்டும். சீனாவில் 2010 நவம்பரில் வாங் பெய் என்ற இளம் பாடகி, வூஹானில் முக எலும்பு அறுவை செய்துகொண்டபோது இறந்தார். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் வந்து பெயர் பெற்றவர். கொரியாவில் க்வோன் தே-ஹீ. கல்லூரி மாணவர். 2016 செப்டம்பரில் சியோலில் ஒரு கிளினிக்கில் தாடை அறுவைக்குப் போனார். தலைமை மருத்துவரே முதலிலிருந்து கடைசிவரை செய்வார் என்று நம்பிப் போனவர். அந்த மருத்துவரோ ஒரே நேரத்தில் பல அறைகளில் அறுவைகளை ஓட்டிக்கொண்டிருந்தார். எலும்பை அறுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். மிச்சத்தை முடித்தது அனுபவம் இல்லாத இன்னொரு மருத்துவர். அவரும் போன பிறகு, இரத்தம் நிற்காத ஒருவர் பக்கத்தில் செவிலி உதவியாளர் மட்டும் கையால் அழுத்திக்கொண்டு நின்றிருந்தார். உடம்பில் மொத்தமே 5 லிட்டர் அளவுக்குத்தான் இரத்தம் இருக்கும், அவர் இழந்தது சுமார் 3.5 லிட்டர். பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஏழு வாரம் நினைவு திரும்பாமலே கிடந்து இறந்துபோனார்.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது? அவர் அம்மாவால். அறுவை அறையின் சிசிடிவி பதிவைக் கேட்டு வாங்கி, நூற்றுக்கணக்கான தடவை ஓட்டிப் பார்த்து, யார் எந்த நிமிடம் உள்ளே வந்தார்கள், எப்போது வெளியே போனார்கள், தரையில் இரத்தத்தை எத்தனை தடவை துடைத்தார்கள் என்று நிமிடக் கணக்கு எழுதினார். பெற்ற பிள்ளை இரத்தம் வடிந்து கிடக்கும் காட்சியை ஒரு தாய் அத்தனை தடவை பார்த்திருக்கிறார். பிறகு பதாகையைப் பிடித்துக்கொண்டு நாடாளுமன்ற வாசலில் தனியாளாக நின்றார். நோயாளி மயங்கிய பிறகு வேறொருவர் வந்து அறுப்பதை இங்கே 'பேய் அறுவை' என்பார்கள். அதைத் தடுக்க அறுவை அறையில் கேமரா கட்டாயம் என்று அவர் கேட்டார். மருத்துவர் சங்கம் கடைசிவரை எதிர்த்தது. 2021 ஆகஸ்ட் 31 அன்று சட்டம் நிறைவேறியது, 2023 செப்டம்பர் 25 முதல் அமலில் இருக்கிறது. மக்கள் அதை க்வோன் தே-ஹீ சட்டம் என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் கிளினிக் தலைவருக்கு விதித்த 3 ஆண்டு சிறையை 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கேமரா இருக்க வேண்டும் என்பது கட்டாயம், ஆனால் பதிவு செய்ய வேண்டுமென்றால் நோயாளியோ அவரைச் சேர்ந்தவர்களோ கேட்க வேண்டும். கேட்டால் 30 நாளாவது பதிவை வைத்திருக்க வேண்டும். என் தோழியின் அறுவை சட்டம் வந்த பிறகு நடந்தது. படிவம் எங்கே என்று நான் கேட்டபோது வரவேற்பில் இருந்த பெண் முதலில் புரியாதவர் மாதிரி பார்த்தார், பிறகு உள்ளே போய் எடுத்து வந்தார். மேசைமேல் தள்ளுபடி அட்டைகள் அடுக்கி வைத்திருந்தார்கள். இன்றே முன்பணம் கட்டினால் ஒரு தள்ளுபடி, அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த படத்தை விளம்பரத்துக்குக் கொடுத்தால் இன்னொரு தள்ளுபடி. உரிமைப் படிவம் மட்டும் உள்ளறையில்.

இங்கே கிளினிக்குகளில் ஆலோசனை மேலாளர் என்று ஒருவர் இருப்பார். மருத்துவர் இல்லை. எந்த அறுவையோடு எதைச் சேர்த்தால் எவ்வளவு என்று பேசி முடிப்பது அவர்தான். என் தோழி மருத்துவரோடு பேசியதைவிட மேலாளரோடு பேசிய நேரமே அதிகம். தாடைக்குப் போனவளிடம் கன்னத்து எலும்பையும் சேர்த்துச் செய்யலாமே என்று கேட்டார். நல்லவேளை, அவள் மறுத்துவிட்டாள்.

இப்போது அவள் தங்கை கேட்க ஆரம்பித்திருக்கிறாள். அக்காவுக்கு இருக்கிற அதே தாடை. என்னிடம் வந்தபோது போகாதே என்று நான் சொல்லவில்லை. சொன்னால் என்னிடம் கேட்காமல் போவாள், அவ்வளவுதான். ரம்பத்தைப் பிடிக்கப்போவது யார், தையல் போடும்வரை அவரே இருப்பாரா என்று கேள் என்றேன். மயக்க மருந்து நிபுணர் அந்த அறையிலேயே இருப்பாரா, அந்த நேரத்தில் எத்தனை அறை ஓடும், இரத்தம் தேவைப்பட்டால் எங்கிருந்து வரும், எந்தப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள் என்றும் கேட்கச் சொன்னேன். கேமரா பதிவை எழுத்தில் கேள். ஸ்கேன் எடுத்தால் மேலாளரிடம் பார்க்காதே, மருத்துவரை உட்காரவைத்து நரம்பு எங்கே ஓடுகிறது என்று திரையில் விரல் வைத்துக் காட்டச் சொல்.

முதல் கிளினிக்கில் மயக்க மருந்து மருத்துவர் "தேவைப்பட்டால் வருவார்" என்றார்களாம். பதிவு வேண்டும் என்றதும், அப்படியானால் தேதி தள்ளிப்போகும் என்றார்களாம். முன்பணம் கட்டாமல் வந்துவிட்டாள். இரண்டாவது இடத்தில் மருத்துவரே ஸ்கேனைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். வலப்பக்கம் அவளுடைய நரம்பு எலும்பின் கீழ்விளிம்புக்கு மிகவும் கிட்டே ஓடுகிறது, அவள் கேட்கிற அளவுக்கு அங்கே வெட்ட முடியாது, இடப்பக்கத்தை மட்டும் வெட்டினால் முகம் கோணும் என்று சொல்லியிருக்கிறார். முதல் இடத்திலும் அதே தாடையைத்தான் ஸ்கேன் எடுத்தார்கள். யாரும் இதைச் சொல்லவில்லை, விலை மட்டும் சொன்னார்கள். இப்போதைக்கு மசிட்டர் ஊசி மட்டும் போட்டிருக்கிறாள்.